அட்டையில் நான்கு பட்டங்கள்

அமீரகத்து அல் ஐன் நகரில் பொன்னுச்சாமியைத் தெரியாத தமிழனே இல்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்தவர்கள் ஒரு முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த முப்பது பேரில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள். வில்லாக்கள் வரிசையாக நிற்கும் ஒரு காம்பவுண்டின் வாசலில் அவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கதைதான்.

கதை ராணுவத்தில் தொடங்கும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, மீசை சரியாக முளைக்காத வயதில், துப்பாக்கியோடு எல்லையில் நிற்கப்போகிறோம் என்ற நினைப்பில் ரயிலேறியவர் அவர். அங்கே போனதும் கையில் கொடுத்தது ஒரு கோவேறு கழுதையின் கயிறு. வண்டி போகாத மலைப்பாதையில் அரிசியும் மண்ணெண்ணெயும் குண்டும் அதன் முதுகில்தான் மேலே போகும். முதலில் அவமானமாக இருந்தது. ஊருக்குப் போட்ட கடிதங்களில் 'போக்குவரத்துப் பிரிவு' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம்தான் ராணி வந்து சேர்ந்தாள். ராணி என்றால் கழுதைதான். பனி மூடிப் பாதை தெரியாமல் போன ஒரு மாலையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி பின்னால் நடந்த பொன்னுச்சாமியை முகாம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவள். அன்றிலிருந்து அவர் யாரையும் கழுதை என்று திட்டுவதில்லை. அவர் காதுபட வேறு யாரும் திட்டவும் கூடாது.

ராணுவத்திலிருந்து வந்த பணத்தில் ஊருக்கு வெளியே மேட்டுப் புஞ்சை வாங்கினார். கல்லும் சீமைக்கருவேலமும் தவிர வேறொன்றும் இல்லாத நிலம். ஊர் சிரித்தது. இவர் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார், போர் போட்டார், கடலை விதைத்தார். முதல் வருஷம் எடுத்த கடலையைவிட விதைத்த கடலை அதிகம் என்று சொல்கிறவர்கள் இன்னும் அந்த ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். அதெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை. நிலம் எதுவரைக்கும் என்று கேட்டால் கையை நீட்டி அரைவட்டம் போட்டுக் காட்டுவார். அந்த அரைவட்டத்துக்குள் பக்கத்து நிலக்காரர்கள் இருவரும் கொஞ்சம் அரசாங்கப் புறம்போக்கும் அடக்கம்.

அடுத்தது அரசியல். ஊராட்சி மன்றத் தலைவர் ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அதற்காகவே ஊரில் ஒரு சாவு விடாமல், ஒரு காதுகுத்து விடாமல் போய் உட்கார்ந்தார். எல்லாம் கனிந்து வந்த நேரத்தில் இந்த முறை பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்துவிட்டது. பொன்னுச்சாமி கலங்கவில்லை. மனைவி பானுமதியை நிறுத்தினார். பானுமதி ஜெயித்தார். மாலை பொன்னுச்சாமியின் கழுத்தில் விழுந்தது. மன்ற அலுவலகத்து நாற்காலியில் பொன்னுச்சாமி உட்கார்ந்தார். பானுமதி கையெழுத்துப் போட வந்துவிட்டுப் போனார். யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. சுத்துப்பட்டு ஊர்களில் பெண்கள் ஜெயித்த இடமெல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு வருஷம் முடிவதற்குள் பழைய ராணுவ நண்பர் ஒருவர் மூலம் அமீரகத்தில் வேலை வந்தது. மகள் கல்யாணத்தை நினைத்துக் கிளம்பினார். கிளம்பும்போது நிலத்துக்கும் வீட்டுக்கும் மனைவி பெயரில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பானுமதியின் பதவிக்காலம் இன்னும் நான்கு வருஷம் மிச்சமிருந்தது. அந்த நான்கு வருஷமும் ஊரைப் போனிலேயே தான் ஆண்டதாகப் பொன்னுச்சாமி மனதார நம்பினார்.

இப்படிப்பட்ட மனிதர் புத்தகம் எழுதாமல் விடுவாரா? போனில் பேசினால் அதுவே தட்டச்சு செய்துகொள்ளும் வசதி இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுதான் தாமதம். செக்யூரிட்டி கேபினில் உட்கார்ந்து போனைப் பார்த்து உரக்கப் பேசத் தொடங்கினார். காம்பவுண்டுக்குள் போகிற வருகிற பாகிஸ்தான் டிரைவர்கள், "பாய், கர் மே ஜக்டா?" என்று வீட்டில் சண்டையா எனப் பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

புத்தகத்தைச் சீர்செய்து கொடுத்தது ரூம்மேட் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர், விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் வேலை. பொன்னுச்சாமி பேசியதில் போன் தப்பாகப் புரிந்துகொண்டதையெல்லாம் பொறுமையாகத் திருத்தினார். திருத்தி முடித்த அன்று கேட்டார்.

"அண்ணை, ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே? அக்காவைப் பற்றி ஒண்டுமே எழுதேல்லையே?"

"அவளைப் பத்தி எழுத என்னப்பா இருக்கு? அவ வீட்லதானே இருந்தா."

தயாபரன் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

'மலையும் வயலும் மன்றமும்' என்று புத்தகத்துக்குப் பெயர். மதுரையில் அச்சடித்தார்கள். அட்டையில் பொன்னுச்சாமியின் ராணுவ உடைப் படம். கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, 'நிலக்கிழார், முன்னாள் ராணுவ வீரர், முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர், எழுத்தாளர்.' இந்த வரியை மட்டும் தானே சொல்லிச் சொல்லிப் பார்த்து, வரிசையை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில்தான் அனுப்பினார்.

வெளியீட்டு விழா துபாய் கராமாவில், ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மாலை. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, ஆகவே பானுமதியை முதல்முறையாக விசிட் விசாவில் வரவழைத்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஹாலில் முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு பானுமதி உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கண் முன்னால் தனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். மாலை கழுத்தில் விழுந்த தேர்தல் நாளில்கூட அவருக்கு இப்படியொரு படபடப்பு இருந்ததில்லை.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்குக் கலீலுர் ரஹ்மானின் கடை வேனில் போனார்கள். கீழக்கரைக்காரர், கராமாவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அவர் குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்ததால், "தங்கச்சி நம்ம ஃபிளாட்லயே தங்கட்டும், நான் கடையில படுத்துக்கிறேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

பானுமதி இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்த பொன்னுச்சாமிக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இம்புட்டுக் கனமா இருக்கு? நார்த்தங்கா ஊறுகாயா?"

"உங்க புத்தகம்."

"அப்ப இதுல?"

"அதுவும் உங்க புத்தகம்தான். எடை கூடிப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஊறுகா, பருப்புப் பொடி, எள்ளுருண்டை எல்லாத்தையும் அங்கேயே எடுத்துக் குடுத்துட்டேன். மாத்துச் சேலை ரெண்டு, விழாவுக்குப் பட்டு ஒன்னு. அம்புட்டுதான் எனக்கு."

பொன்னுச்சாமி இரண்டு பெட்டிகளையும் தானே தள்ளிக்கொண்டு நடந்தார். தன் எழுத்துக்காக எள்ளுருண்டையைத் துறந்த மனைவி! வேனில் ஏறியதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஃபிளைட்டுல தூங்குனியா?"

"எங்க தூங்க? ஒன்னை எடுத்துப் படிச்சுக்கிட்டு வந்தேன்."

"முழுசா? எப்படி இருந்துச்சு?"

பானுமதி ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களைப் பார்த்தபடி சொன்னார். "கழுதை நல்லா இருந்துச்சு."

பொன்னுச்சாமி பூரித்துப்போய் ரஹ்மானின் தோளைத் தட்டினார். ராணி அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்று தயாபரனும் முன்பே சொல்லியிருந்தார். ரஹ்மான் மட்டும் கண்ணாடியில் பானுமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

ஃபிளாட்டில் பெட்டியை இறக்கி, டீ குடித்து முடித்த பிறகு பானுமதி நிதானமாகச் சொன்னார்.

"விழாவுக்கு நான் வரலை. நீங்க போய்ட்டு வாங்க."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. புத்தகம் பூராத் தேடிட்டேன், நான் எங்கேயும் இல்லை. இல்லாத ஆளு விழாவுக்கு எப்படி வரும்?"

"என்ன இல்லையா? இருக்கியே! 'அவ்வாண்டு எனக்குத் திருமணம் நடந்தது'ன்னு எழுதியிருக்கேனே!"

"யாரோடன்னு போடலையே."

பொன்னுச்சாமி ஒரு பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ராணிக்கு ஒரு அத்தியாயமே குடுத்திருக்கீங்க. எந்தக் காலைத் தூக்கி உதைக்கும், எந்தப் பக்கம் சொறிஞ்சு குடுத்தா சொகமா இருக்கும், எல்லாம் இருக்கு. நல்லாவும் இருக்கு, நான் குறை சொல்லலை. அப்புறம் ஒன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. 'எனது தலைமையில், என் நிலத்தை ஒட்டிய புறம்போக்கில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எழுந்தது.' தொட்டி எழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். அல் ஐன்ல."

"அப்ப தொட்டி எப்படி எழுந்துச்சு? தானா எழுந்துச்சா?"

"போன்ல சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

அதை நினைவுபடுத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பானுமதி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். இப்படிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் அவரைக் கலக்கியது. அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான் என்பது முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும்.

மாடிப்படியில் போய் நின்றுகொண்டு தயாபரனுக்குப் போன் போட்டார். தயாபரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் அப்பவே கேட்டனான் அண்ணை. சரி, இப்ப ஒண்டு செய்யுங்கோ. அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. எங்கட சென்டரில பிரிண்ட் எடுத்து எல்லாப் புத்தகத்திலயும் ஒட்டிவிடுவம்."

நல்ல யோசனைதான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஹால் சோபாவில் உட்கார்ந்து எழுத முயன்றார். வாயால் பேசி எழுத முடியாது, பக்கத்து அறையில் கேட்டுவிடும். ஒற்றை விரலால் குத்தினார். 'என் மனைவி பானுமதி ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தபோது' என்பது வரைக்கும் வந்தது. இருந்தபோது என்ன? தொட்டி கட்டினார். எப்படிக் கட்டினார்? யாரிடம் போய் நின்றார்? யார் தடுத்தார்கள்? தெரியவில்லை. மேட்டுத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வந்தது? தெரியவில்லை. மலையில் ராணி எந்த வளைவில் நின்று மூச்சு வாங்குவாள் என்பது இன்றைக்கும் தெரிகிறது, சொந்த வீட்டில் ஐந்து வருஷம் ஒரு தலைவர் இருந்திருக்கிறார், அவர் செய்த ஒரு காரியம்கூடத் தெரியவில்லை. பொன்னுச்சாமி உண்மையிலேயே வெட்கப்பட்டார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது பசி இல்லை என்றார். அப்படி அவர் சொன்னதை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை, பானுமதி அடுப்படியில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போய் எதிரே நின்றார்.

"பானு, அந்தத் தொட்டியை எப்படிக் கட்டுனே? எனக்குத் தெரியாது. சொல்லு."

வந்திறங்கியதிலிருந்து பானுமதி சிரித்தது அப்போதுதான்.

"கேக்கிறதுக்கு இத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு. ஆனா இங்க சொல்ல மாட்டேன். எத்தனை பேருக்கு முன்னால 'நான் கட்டினேன்'னு சொல்லியிருக்கீங்க? அத்தனை பேருக்கு முன்னால கேளுங்க, சொல்றேன்."

"விழாவுலயா? மேடையிலயா?"

"நாளைக்கு வந்து கடைசி வரிசையில, கதவோரமா உக்காந்திருப்பேன். கேட்டீங்கன்னா எந்திரிச்சு வருவேன். கேக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் எங்கிட்ட இந்தப் புத்தகத்தைப் பத்திப் பேசக் கூடாது."

மலைப்பாதையில் பனிச்சரிவு வந்தபோது பயப்படாத மனிதர் அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்தார். கேட்டால் மானம் போகும். அல் ஐனிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வருகிறார்கள். எல்லோரும் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். கேட்காவிட்டால் பானுமதி எழுந்து போய்விடுவார், அப்புறம் இந்தப் புத்தகத்தை வாழ்நாள் முழுக்க வீட்டில் எங்கே வைப்பது? குளிக்கும்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தலை துவட்டும்போது வேண்டாம் என்று தோன்றியது.

ஞாயிறு மாலை ஹால் நிறைந்துவிட்டது. கீழே ஹோட்டலிலிருந்து மசால்தோசை வாசனை மேலே வந்துகொண்டிருந்ததில் கூட்டம் நல்ல மனநிலையில் இருந்தது. பானுமதி சொன்னபடியே கடைசி வரிசையில், கதவோரம், மடியில் கைப்பையோடு உட்கார்ந்தார். "ஏம்மா இங்க, முன்னால வாங்கம்மா" என்று கூப்பிட்டவர்களிடம், "காத்து நல்லா வருது" என்றார். தமிழ்ச் சங்கச் செயலாளர் சேதுமாதவன் புத்தகத்தை வெளியிட, கலீலுர் ரஹ்மான் முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார், ஆனால் ஆடை தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தொகுத்து வழங்கிய தயாபரன் மைக்கில் சொன்னார். "இப்ப எங்கட ஆசிரியர், முன்னாள் தலைவர், பொன்னுச்சாமி அண்ணை ஏற்புரை வழங்குவார்."

கைதட்டல். பொன்னுச்சாமி மைக்கைப் பிடித்தார். வணக்கம் சொன்னார். ராணுவத்தைப் பற்றி ஆரம்பித்தார். ராணியைப் பற்றிச் சொன்னார், சிரித்தார்கள். புஞ்சையைப் பற்றிச் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். அடுத்தது மன்றம். "நான் ஊராட்சி மன்றத் தலைவராக..." என்று வாய் பழக்கத்தில் ஓடியது. கடைசி வரிசையில் பானுமதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இருங்க!" என்று பொன்னுச்சாமி மைக்கிலேயே கத்திவிட்டார். ஹால் திடுக்கிட்டது. தயாபரனுக்குக் கையிலிருந்த பிரதி கீழே விழுந்தது.

"நான் தலைவர் இல்லை" என்றார் பொன்னுச்சாமி. "ஒரு நாளும் தலைவரா இருந்தது கிடையாது. ஓட்டுல ஜெயிச்சது என் வீட்டுக்காரம்மா. நாற்காலியில உக்காந்தது நான். அந்தத் தொட்டியைக் கட்டுனது அவுங்க. அட்டையில போட்டிருக்கிறது தப்பு, உள்ள எழுதியிருக்கிறதும் தப்பு. அதைவிடக் கேவலம், அவுங்க எப்படிக் கட்டுனாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." கதவுப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தலைவரே, இங்க வாங்க. அந்தத் தொட்டியை எப்படிக் கட்டுனீங்க? எங்களுக்கெல்லாம் சொல்லுங்க."

பானுமதி நின்ற இடத்திலேயே நின்றார். முப்பது வருஷத்தில் அவரைப் பொன்னுச்சாமி 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. ஆனால் நான்கு வருஷம் தனியாகக் கிராம சபை நடத்திய பெண்மணி, மேடைக்கு வருவதற்குள் கண்ணைத் துடைத்துவிட்டு நேராக மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். பெருசா ஒன்னுமில்லை. தொட்டிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கிட்டாங்க. பள்ளத்துல கட்டலாம்னாங்க. பள்ளத்துல கட்டுனா எங்க மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறாது. மேட்டுல இடம் குடுங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டேன். ஒருத்தரும் குடுக்கலை. ஒரு சென்டுக்குக்கூட வழியில்லை. இந்த மாசத்துக்குள்ள இடம் காட்டலைன்னா பணம் திரும்பிப் போயிரும்னு பி.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மேட்டுல வேற யாருக்கு நிலம் இருக்குன்னு யோசிச்சேன்."

பொன்னுச்சாமிக்கு எங்கேயோ லேசாக உறைத்தது.

"இவருக்குப் போன் போட்டேன். இந்த மாதிரி இந்த மாதிரின்னு சொல்ல ஆரம்பிச்சேன். 'டூட்டில இருக்கேன் பானு, நீயே பாத்துக்க'ன்னு வச்சுட்டாரு. மறுநாளும் போட்டேன். 'நீயே பாத்துக்க'ன்னாரு." பானுமதி கூட்டத்தைப் பார்த்தார். "பாத்துக்கிட்டேன். பவர் எங்கிட்டதானே இருந்துச்சு? இவரு புஞ்சையில வடக்கு மூலையை மன்றத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். தொட்டி நிக்கிறது புறம்போக்குல இல்லை. இவரு நிலத்துல."

சேதுமாதவன் ஆரம்பித்துவைத்த சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், நாற்காலிகள் தள்ளப்பட்டு, யாரோ விசிலடித்து, கீழேயிருந்து ஹோட்டல் சப்ளையர்கள் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடிவந்தார்கள். ரஹ்மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அல்லா, அல்லா" என்று மூச்சு வாங்கினார். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போய், அந்தத் தொட்டி நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, இது நான் கட்டியது என்று வருகிறவன் போகிறவனிடம் பெருமை பேசிய நிலக்கிழாருக்குத் தன் நிலத்தின் எல்லை தெரிந்திருக்கவில்லை.

பொன்னுச்சாமி பொன்னாடையோடு அசையாமல் நின்றார். முகம் ஒரு மாதிரி இழுத்தது. ஐயையோ, கோபம் வந்துவிட்டதோ என்று தயாபரன் பயந்து பக்கத்தில் போனார். அதற்குள் பொன்னுச்சாமிக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப ஊருக்கு இடம் குடுத்தது நான்தானே?" என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்டார்.

"நிலம் உங்களது. குடுத்தது நான்" என்றார் பானுமதி.

"ஒத்துக்கிறேன் தலைவரே!" என்றார் பொன்னுச்சாமி. தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மனைவியின் தோளில் போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வாழ்க்கையில் இத்தனை பெரிய கைதட்டல் வாங்கியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அது யாருக்கு விழுந்த கைதட்டல் என்பது புரிந்தபோதும் அந்தச் சந்தோஷம் கொஞ்சமும் குறையவில்லை.

அதற்குப் பிறகு விற்பனை மேஜையில் நடந்ததுதான் வேடிக்கை. வாங்கியவர்கள் அத்தனை பேரும் தலைவரின் கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள். அதுவும் அந்தத் தொட்டிப் பக்கத்தில்தான் வேண்டுமாம். பானுமதி உட்கார்ந்தார். பொன்னுச்சாமி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தார். பானுமதி 'எனது தலைமையில்' என்ற இடத்தில் நிதானமாக ஒரு கோடு இழுத்து, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பொன்னுச்சாமி ஊதினார். பெட்டியில் வந்த புத்தகம் முழுக்கத் தீர்ந்துபோனது. ஒன்றே ஒன்று மிச்சம்.

பானுமதி அதை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி, பேனாவையும் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

"இது எனக்கு. ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பொன்னுச்சாமி பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே பார்த்தார். ஒரு புத்தகத்தையே எழுதிய கை வெற்றுப் பக்கத்தின் மேல் அப்படியே நின்றது. ஹாலைப் பூட்ட வந்தவர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். ரஹ்மான் வேன் சாவியை ஆட்டிக் காட்டினார்.

"என்ன எழுதறதுன்னு தெரியலை பானு" என்றார் மெதுவாக.

"அவசரமில்லை" என்றார் பானுமதி. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சு எழுதுங்க. எனக்கு விசா இன்னும் ஒரு மாசம் இருக்கு."